விஜியின் மதுரை நெட்

விஜியிடம் எதைக் கேட்டாலும் இல்லையென்று சொல்லமாட்டாள். குக்கரைக் கேட்டால் கழுவித் துடைத்துக் கொடுப்பாள். பட்டுச்சேலையைக் கேட்டால் பிளவுஸையும் பிரித்து, கேட்டவள் அளவுக்குத் தைத்துக் கொடுப்பாள். ராஜபாளையத்தில் அவள் குடியிருந்த தெருவில் பாதிப் பெண்கள் விசேஷத்துக்குக் கிளம்புவது அவள் லேஸ் வைத்துத் தைத்த துணியில்தான். அப்படிப்பட்டவள், பீரோவுக்கு மேலே இருந்த பச்சை சூட்கேஸை மட்டும் யாரையும் தொடவிட்டதில்லை. ஒட்டடை அடிக்கக்கூட ஆள் கிட்டே போகக் கூடாது.

அதற்குள் இருந்தது அவளுடைய கல்யாண நெட். மாதா கோயிலில் தாலி கட்டும்போது பெண்ணின் தலையிலிருந்து முதுகு வழியாகத் தரைவரைக்கும் விழுமே, அந்த வெள்ளை முக்காடு. இருபத்தாறு வருஷமாக அது அந்தப் பெட்டியை விட்டு வெளியே வந்ததில்லை.

மகள் பிரின்சிக்குப் பொங்கல் கழிந்த வாரம் கல்யாணம் என்று முடிவானது. பிரின்சி மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவில் வந்திருந்தாள். கல்யாணத்துக்கு வாங்க வேண்டியதையெல்லாம் எழுதுவதற்கென்று அவளுடைய அத்தை சகாயம் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். சகாயம், விஜியின் வீட்டுக்காரர் பெலிக்ஸுக்கு அக்கா. அந்தக் குடும்பத்தில் எந்தக் கல்யாணமானாலும் பேனா அவள் கையில்தான் இருக்கும்.

நெட் என்று எழுதப் போனவளைப் பிரின்சி தடுத்தாள்.

"நெட்டு வாங்க வேண்டாம் அத்தை. நான் அம்மா நெட்டையே போட்டுக்கிறேன். ஆல்பத்துல பாக்கும்போதெல்லாம் ஆசையா இருக்கும்."

"அப்படிச் சொல்லுட்டி!" என்று சகாயத்துக்கு ஒரே குஷி. "மதுரையில எடுத்த நெட்டுல்லா அது! இப்பம் வாரதெல்லாம் ஒரு சரக்கா? ஏட்டி விஜி, பெட்டிய எறக்கு, பாப்பம்."

விஜி அடுப்பில் பால் பொங்குவதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனாள். அடுப்பில் பாலே இல்லை.

விஷயம் இதுதான். அது மதுரையில் எடுத்ததும் இல்லை, நெட்டும் இல்லை. பேண்டேஜ் துணி. ஆமாம், காயத்துக்குக் கட்டுகிற அதே துணி.

விஜியின் பிறந்த வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். அப்பா சவரிமுத்து ஒரு பஞ்சுக் குடோனில் மூடை தூக்கினார். நிச்சயத்தன்று சகாயம், "கல்யாணச் சேலை எங்க பொறுப்பு. நீங்க நெட்டு மட்டும் மதுரையில நல்லதா எடுத்துருங்க" என்று சொல்ல, அவரும் பெருமையாகத் தலையாட்டிவிட்டார். அடுத்த மாதமே அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். கையில் இருந்ததெல்லாம் கரைந்தது. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒருநாள் சாயங்காலம், நியூஸ்பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலத்தை மகள் முன்னால் வைத்தார் சவரிமுத்து.

"ராசபாளையம் பக்கம் தெரிஞ்ச எடத்துல கெடச்சுச்சு. பேண்டேஜு துணிதாம்மா. நீதான் தையல் படிச்சிருக்கியே. எதையாவது பண்ணி நெட்டாக்கிரு."

முகத்தைப் பார்க்காமல் சொன்னார். விஜி துணியைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தபோது அவளுக்கே ஆச்சரியம். சாதாரண பேண்டேஜ் துணியில் ஈ புகுந்து வெளியே வரலாம். இது அப்படி இல்லை. இழை நெருக்கமாக, வழவழவென்று, பனி மாதிரி வெள்ளையாக இருந்தது. ஒரே ஒரு இடத்தில் குறுக்கே ஒரு இழை விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். அப்பாவுக்கு நல்ல பீஸ் மாட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த மூன்று வாரமும் அவள் தைத்தாள் என்றால் அப்படி ஒரு தையல். துணியை ஜவ்வரிசிக் கஞ்சியில் முக்கி, இரண்டு கொடிக்கு நடுவே இழுத்துக் காயவைத்து விறைப்பாக்கினாள். சின்ன வயசில் முதல் நற்கருணைக்குப் போட்ட தன்னுடைய புதுநன்மைக் கவுனில் இருந்த சாட்டின் பூக்களை வெட்டியெடுத்து அங்கங்கே வைத்துத் தைத்தாள். இழை விட்டுப்போன இடத்தில், ஐந்து இதழ் வைத்த பூவாகப் பார்த்து உட்கார வைத்தாள். ஓரத்துக்கு லேஸ் வேண்டுமே என்று ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் காமராஜ் கடைக்குப் போனாள். சாமிகளுக்கு அலங்காரம் செய்கிற ஜரிகை, மணி, லேஸ் எல்லாம் விற்கிற கடை அது.

"எந்தச் சாமிக்கும்மா?" என்றார் காமராஜ்.

எனக்குத்தான், கல்யாணத்துக்கு, என்று சொல்ல வாய் வரவில்லை. "மாதாவுக்கு" என்று சொல்லிவிட்டாள்.

"மாதாவுக்கா? அப்பம் இந்தா, என் பங்கு ஒரு முழம்" என்று வெள்ளி லேஸில் கூடுதலாக வெட்டிக் கொடுத்துவிட்டார் அந்த மனுஷன். அந்தப் பொய்க்குப் பரிகாரமாக, அதற்குப் பிறகு வருஷம் தவறாமல் அங்கே போய் ஒரு முழம் லேஸ் வாங்கி, ராஜபாளையம் கோயிலில் மாதா சுருபத்தின் காலடியில் வைத்துவிட்டு வருகிறாள். காமராஜ் அவளை 'மாதாக்கா' என்றே கூப்பிடுவார்.

கல்யாணத்தன்று சகாயம் நெட்டைத் தொட்டுப் பார்த்து, "மதுரையில எடுத்ததா?" என்று கேட்டாள். விஜி தலையை ஆட்டினாள். அந்த ஒரு ஆட்டுதான். சாயங்காலத்துக்குள் தெருவெல்லாம் மதுரை நெட் என்று ஆகிவிட்டது. பொய்யைச் சொன்னது அரை நிமிஷம், காப்பாற்றுவது இருபத்தாறு வருஷம். அதிலும் வாழ்க்கைப்பட்டது எங்கே? சத்திரப்பட்டியில் பேண்டேஜ் தறி ஓட்டுகிற பெலிக்ஸிடம். ராத்திரி தலையில் பஞ்சோடு வருகிற மனுஷன், தொட்டால் தெரிந்துகொள்வார். முதல் நாளே நெட்டை மடித்துப் பெட்டிக்குள் வைத்தவள், அதை அவர் தொட விட்டதே இல்லை. இப்போது கேட்பவளோ நர்ஸ். தினமும் கட்டுப் போட்டுப் போட்டுக் கை பழகியவள். உலகத்தில் யார் கண்ணில் படக்கூடாதோ அந்த இரண்டு பேரும் ஒரே வீட்டில்.

மகள் என்ன நினைப்பாள் என்பதைவிட, அப்பாவை என்ன நினைப்பாள் என்பதுதான் விஜிக்குப் பயமாக இருந்தது. செத்து எட்டு வருஷமான மனுஷனை, நெட் வாங்க வக்கில்லாதவர் என்று சகாயம் நாலு பேர் மத்தியில் சொல்லிவிட்டால்?

விஜி ஒரு வழி கண்டுபிடித்தாள். நிஜமான நெட் வாங்கி, பழைய லேஸையும் பூவையும் பிரித்து அதில் வைத்துத் தைத்துவிட்டால் தீர்ந்தது. ஆல்பத்தில் இருப்பது போலவே இருக்கும். செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய் நயமான நெட் வாங்கினாள். குறைகிற லேஸுக்குக் காமராஜ் கடை.

"வாங்க மாதாக்கா" என்றார். தலை நரைத்துக் கண்ணாடி போட்டிருந்தார்.

"இந்தத் தடவ மகளுக்குண்ணே. கல்யாணம்."

முழக்கணக்கில் அளந்துகொண்டே அவர், "நல்லா இருக்கட்டும். என் பங்கு ஒரு முழம்" என்றார். விஜி அவசரமாகப் பையை மூடிக்கொண்டு வெளியே வந்தாள்.

மறுநாள் பெலிக்ஸ் வேலைக்குப் போனதும் பெட்டியை இறக்கினாள். நெட்டை மடியில் போட்டுப் பிளேடால் ஒவ்வொரு தையலாக அறுத்தாள். கை ஓடவில்லை. இருபத்திரண்டு வயசில் போட்ட தையல் ஒவ்வொன்றும் கடுகளவு இருந்தது. அம்மா ஆபரேஷன் முடிந்து பாயில் படுத்துக்கொண்டு, "ஓரம் சுருங்குது பாரு" என்று சொன்ன இடம் எது, அப்பா டார்ச் பிடித்துக்கொண்டு நின்ற இடம் எது என்று அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. ஒரு பக்க லேஸும் நாலு பூவும் பிரிப்பதற்குள் அந்த வீடு, அந்த மெஷின், அந்த மூன்று வாரம் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. அவ்வளவு சந்தோஷமாக எப்போதும் இருந்ததில்லை என்று தோன்றியது. அழுகையும் வந்தது.

அப்போது பார்த்துப் பெலிக்ஸ் உள்ளே வந்தார்.

"கரண்டு இல்ல. ஷிப்ட விட்டுட்டாவ" என்றவர், மடியில் இருந்ததைப் பார்த்தார். விஜி போர்வையை எடுத்து மேலே போட்டாள். அவர் சாவகாசமாகப் பக்கத்தில் உட்கார்ந்து, போர்வைக்குக் கீழே இருந்து நெட்டை உருவி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். தறித் துணியில் குறை தேடுகிற அதே பார்வை.

"இங்கன ஒரு பூ இருக்குமே. அஞ்சு எதழு" என்றார். "பிரிச்சிட்டியா?"

"என்ன பூ?"

"இந்தா, ஒரு எழ விட்டுருக்கு பாரு, அது மேல இருந்த பூ. நெய்யும்போது கரண்டு போயிட்டு வந்துச்சு, அப்பம் விழுந்தது. வெளுத்து வந்த பொறவுதான் கண்ணுல பட்டுச்சு. திரும்ப நெய்ய நாளில்ல. கல்யாணத்தன்னைக்குச் சாமியார் செபம் சொல்லுதாரு, நான் இந்த எழயத் தேடிக்கிட்டு நிக்கேன். பாத்தா, அது மேல நீ ஒரு பூவ உக்கார வச்சிருக்க. கெட்டிக்காரிய கட்டியிருக்கோம்டான்னு நெனச்சேன்."

விஜி நெட்டை அவர் கையிலிருந்து வாங்கி அந்த இழையைத் தடவினாள்.

"நீங்க நெய்ததா?"

"மாமா வந்து கேட்டாரு. தறி வாசல்ல சைக்கிளப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. 'மாப்ள, நெட்டு எடுக்க வழியில்ல, ஒரு துணி பாத்துக் குடுங்க. உங்க அக்காவுக்குத் தெரிய வேண்டாம், விஜிக்கும் தெரிய வேண்டாம்'னாரு. பேண்டேஜு அளவுக்கு ஓட்டுனா சல்லடையால்லா இருக்கும்? தறியில எழ நெருக்கத்துக்குள்ள சக்கரத்த மாத்திப் போட்டு, நெருக்கி ஓட்டுனேன். மொதலாளி திட்டுனாரு."

அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றது அவள் கண்முன்னே வந்தது. வருங்கால மருமகனிடம் போய் வாய்விட்டுக் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு வந்து, 'தெரிஞ்ச எடத்துல கெடச்சுச்சு' என்று முகம் பாராமல் சொல்லியிருக்கிறார். விஜி நெட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது.

"இருபத்தாறு வருசமா என்னைய இப்படிப் பெட்டியக் காக்க விட்டிருக்கீயளே! ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"மாமாவுக்கு வாக்குக் குடுத்தேன். அவரு போன பொறவு, நீயா சொல்லுவன்னு இருந்தேன். பெட்டியத் தூக்கி மேல மேல வைக்க; நான் என்னத்தச் சொல்ல?"

"நல்லா இருந்தீய போங்க" என்று ஊசி குத்தி வைக்கிற சின்னத் திண்டைத் தூக்கி அவர் மேல் எறிந்தாள். நல்லவேளை, ஊசிப் பக்கம் அவர் மேல் படவில்லை.

சனிக்கிழமை பிரின்சி வந்தாள். லேஸெல்லாம் மறுபடி பழைய துணியிலேயே ஏறியிருந்தது; ஐந்து இதழ்ப் பூ மட்டும் பாக்கி. விஜி நெட்டை அவள் கையில் கொடுத்தாள். பிரின்சி விரலால் தடவினாள், நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, இது..."

"பேண்டேஜு துணிதாம். உங்க தாத்தா கேட்டு, உங்க அப்பா நெய்தது. தச்சது நானு. ஒரு எழ விட்டிருக்கு, அது மேல ஒரு பூ வைக்கணும். வேண்டாம்னா நெட்டு வாங்கி வச்சிருக்கேன், அதப் போடு."

பிரின்சி கண்ணாடி முன்னால் நின்று தலையில் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஐந்து இதழ்ப் பூவோடு வந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தப் பூ மட்டும் வேண்டாம்மா. அந்த எடம் அப்படியே தெரியட்டும்."

புது நெட் வீணாகவில்லை. கிறிஸ்துமஸுக்கு விஜி அதில் லேஸ் வைத்து மாதா சுருபத்துக்கு முக்காடு தைத்துக் கொடுத்தாள். காமராஜ் கொடுத்த முழமும் அதில்தான் போனது. இருபத்தாறு வருஷத்துக்கு முன் சொன்ன பொய் ஒருவழியாக உண்மையானது.

கல்யாணத்தன்று கோயில் வாசலில், மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சூழ்ந்து நிற்க, சகாயம் நெட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். "எங்க விஜி கல்யாணத்துக்கு மதுரையில எடுத்தது. இன்னும் எப்படி..." என்றவள், குனிந்து பார்த்தாள். "ஏட்டி விஜி, என்ன இது? மதுரை நெட்டுல ஒரு எழ விட்டுருக்கு?"

விஜி சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். தூணோரம் நின்ற பெலிக்ஸையும் பார்த்தாள்.

"மதுரை இல்ல மதினி. பேண்டேஜு துணி. எங்க அப்பா கேட்டாரு, உங்க தம்பி நெய்தாரு" என்றாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "அன்னைக்குக் கரண்டு போயிருச்சு."