நெல்லையப்பன் கொண்டுவந்த மெஷின்

1

இந்தக் கதை குற்றாலம் ஐந்தருவியில் குளிக்க நின்ற வரிசையில் பிறந்தது. தலை நிறைய எண்ணெயோடு எனக்கு முன்னால் நின்ற கம்ப்யூட்டர் நண்பர், பொழுது போகாமல் ஒரு விஷயம் சொன்னார். எந்த புரோகிராமும் தானாக டிஸ்கைத் தொட முடியாது; மெஷினையே நடத்துகிற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்டுப் பதில் வாங்க எந்தப் பிராசசர் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளப்பதே ஒரு வேலையாம். கேட்டுவிட்டுக் காத்திருப்பது என்றதும் எனக்கு ஒரு பெண் ஞாபகம் வந்தது. [யார் என்று கேட்காதீர்கள்.]

2

முதல் தொடக்கம்: "1988 ஜூலை. மேலகரத்தில் சாரல்..." வேண்டாம். குற்றாலக் கதை என்றாலே சாரலில்தான் தொடங்க வேண்டுமா?

இரண்டாவது: மேலகரத்து நூற்பாலைக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கத் தீர்மானித்தார்கள். சோதித்துப் பார்க்க இரண்டு மெஷின்கள் வந்து இறங்கின. ஒன்றில் 68020 பிராசசர், மற்றதில் 386. எது வேகம் என்று அளந்து சொல்ல வேண்டியவள், ஆலையில் வேலை பார்த்த ஞானபாக்கியம். 386-ஐக் கொண்டுவந்தவன் நெல்லையப்பன். காலேஜில் அவளோடு படித்தவன், பெங்களூர் போனபின் எட்டிப் பார்க்காதவன். ஜெயிக்கிற மெஷினோடு, அதைப் பார்த்துக்கொள்ள அதைக் கொண்டுவந்த ஆளும் இரண்டு வருஷம் பக்கத்துத் தென்காசியிலேயே தங்க வேண்டும் என்பது ஏற்பாடு.

அவன் தங்க வேண்டுமென்று அவள் ஏங்கினாள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

3

சிஸ்டம் தனக்குக் கொடுத்த எண்ணை, "என் எண் என்ன?" என்று அதனிடமே லட்சம் தடவை கேட்கும் சின்ன புரோகிராமை இரண்டிலும் ஓட்டினாள். 386 பறந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த நிமிஷமே அளவுகளைத் திரும்பப் பார்த்தாள். இவ்வளவு வேகமா? தோண்டிப் பார்த்தாள். அந்த மெஷினில் கேள்வி சிஸ்டம் வரைக்கும் போகவே இல்லை. முதல் தடவை கிடைத்த பதிலை வழியிலேயே வைத்துக்கொண்டு, அதையே திருப்பித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. நேராகக் கேட்க வைத்து அளந்தால் 68020-தான் முந்தியது.

(இங்கே அவளை வாயை மூடிக்கொள்ள வைத்து ஒரு பக்கம் எழுதினேன். கல்யாணம் வரைக்கும் கொண்டுபோய், சர்ச்சா கோயிலா என்ற சண்டையைக்கூடத் தீர்த்துவைத்தேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. கிழித்துவிட்டேன்.)

4

"உன் மெஷின் ஏமாத்துது, நெல்லையப்பா."

"தெரியும். நான்தான் அப்படி மாத்தி வச்சேன்."

"எதுக்கு? கம்பெனி சொல்லிச்சா?"

"கம்பெனிக்கு ஒண்ணும் தெரியாது. எனக்கு இங்கன இருக்கணும். வேற வழி தெரியல."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

"நீ மாட்டேன்னுட்டா?"

அவனிடமிருந்து ஒரு வரியாவது வராதா என்று தபால்காரரைப் பார்த்து நின்ற வருஷங்களை அவள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள்.

5

முடிவு ஒன்று: அவள் உண்மையைச் சொல்கிறாள்; அவன் ரயிலேறுகிறான். என் மனம் ஒப்பவில்லை.

முடிவு இரண்டு: அவனே ஆலை மானேஜரிடம் போய்...

அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"சரியான அளவைத்தான் மானேஜர்ட்ட சொல்லுதேன். உன் மெஷின் திரும்பிப் போயிரும். நீ இருப்பியா?"

வேலை இருக்காது, சம்பளம் இருக்காது, ஊருக்குச் சொல்ல ஒரு சாக்கும் இருக்காது. அவள் மட்டும்தான் இருப்பாள். அவன் வாயைத் திறந்தான்.

அவனுக்காக நான் பதில் சொல்ல மாட்டேன். அவள் இன்னும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நீங்கள் யாரையாவது அப்படி நிற்க வைத்தவராக இருந்தால், தயவுசெய்து சீக்கிரம் ஏதாவது சொல்லுங்கள்.