பதினோரு மிதவைகள்

கடை திறந்து நான்காம் நாள் அது. ஆனால் அதிகாரபூர்வமான திறப்பு விழா அந்த ஞாயிற்றுக்கிழமைதான். மாலைகள், வாசலில் வாழைமரம், பன்னிரண்டரை மணிக்கு டென்மார்க்கிலிருந்து வீடியோவில் வரப்போகும் தலைமை அதிகாரி என்று எல்லாம் ஏற்பாடாகியிருந்தது. ஷண்முகப்ரியா அரக்கு நிறப் பட்டுப்புடவையில் காலை எட்டு மணிக்கே சாஸ்திரி நகர்க் கடைக்கு வந்துவிட்டாள்.

நீர் விளையாட்டுச் சாமான்கள் விற்கும் அந்த டேனிஷ் கம்பெனிக்கு இந்தியாவில் இதுதான் முதல் கடை. கோவாவில் திறப்பதாக இருந்தவர்களை எட்டு மாதம் விடாமல் பேசி, மூன்று வருட ஒப்பந்தத்தோடு சென்னைக்குத் திருப்பியவள் ப்ரியா. உஸ்மான் ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அய்யாதுரையின் மகளுக்கு விற்கத் தெரியும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கடலைப் பற்றி என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. அவளுக்கு நீச்சல்கூடத் தெரியாது. அதையும் யாரும் கேட்கவில்லை.

துடுப்புப் பலகைகளும் நீச்சல் உடைகளும் ஷெல்ஃபை விட்டு நகரவேயில்லை. போனதெல்லாம் மஞ்சள் மிதவைதான். படகு வடிவத்தில், இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த, காற்றடிக்கும் ஃப்ளோட். ஒரு குழந்தை படுக்கலாம். பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது: நீச்சல் குளத்துக்கு மட்டும்.

அந்த வரியை முதலில் கவனித்தது அவளில்லை, கபாலி. நொச்சிக்குப்பத்துக்காரர். இருபது வருடம் கடலுக்குப் போனவர். தோள்பட்டை போன பிறகு வலை இழுக்க முடியாமல் இந்த வேலைக்கு வந்தவர். வியாழக்கிழமை ஒரு பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இத்த கடல்ல போட்டா இன்னா ஆவும் தெரியுமா மேடம்?" என்று கேட்டார். "இப்ப ஆனி மாசம். மதியானம் வரைக்கும் கரையிலேர்ந்து கடலுக்குத்தான் காத்து. இது பலூன் மாரி கீது. போய்க்கினே இருக்கும்."

அன்றே அவள் ஒரு அட்டையில் தமிழில் பெரிதாக எழுதி ஷெல்ஃப் மேல் வைத்தாள். 'கடலுக்கு எடுத்துப் போகாதீர்கள்.'

ஞாயிறு காலை சுஹாஸ் அந்த அட்டையை எடுத்துவிட்டான். கம்பெனியின் இந்தியப் பொறுப்பாளன் அவன். மயிலாப்பூரில் வளர்ந்து பெங்களூரில் வேலை பார்ப்பவன்.

"கேமராவைத் திருப்பினா முதல்ல இதான் தெரியும் ப்ரியா. விக்கற பொருளுக்கு மேலயே விக்காதேன்னு போர்டு வைப்பாங்களா யாராவது? பெட்டியிலதான் போட்டிருக்கே."

"இங்கிலீஷ்ல, பொடி எழுத்துல போட்டிருக்கு."

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும். நாளைக்கு நீங்களே வச்சுக்கோங்க."

அவள் சரியென்று தலையாட்டினாள். ஒரு நாள்தானே என்று அவளுக்கும் தோன்றியது.

பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு குடும்பம் வந்தது. நங்கநல்லூர்க்காரர் மகேஷ், அவர் மனைவி முத்துலட்சுமி, எட்டு வயது மகள் ஸ்நேஹா. சிறுமி நேராக மஞ்சள் மிதவையிடம் போய் நின்றாள். கபாலி மாலை வாங்கி வரப் போயிருந்தார். கல்லாவில் தபஸ்ஸும் பில் போட்டாள்.

"காத்து இங்கயே அடிச்சுக் குடுத்துடுவீங்களா?" என்று மகேஷ் கேட்டார். "பீச்சுல யாரு ஊதறது?"

பீச் என்ற வார்த்தை ப்ரியாவின் காதில் விழுந்தது. நன்றாகவே விழுந்தது. அட்டை இல்லாத ஷெல்ஃபைப் பார்த்தாள். இரண்டடி தள்ளி நின்று லேப்டாப்பைச் சரிசெய்துகொண்டிருந்த சுஹாஸைப் பார்த்தாள். பிறகு அவளே பம்பை மாட்டிச் சுவிட்சைப் போட்டாள். நான்கு நிமிடத்தில் மிதவை உப்பி நின்றது. அதைக் கார் மேல் வைத்துக் கயிறு கட்டவும் அவள்தான் கை கொடுத்தாள். சிறுமி கண்ணாடியை இறக்கி டாட்டா காட்டினாள்.

கபாலி மாலைகளோடு திரும்பி வந்தபோது மணி பத்தேகால். மேசை மேல் மாலையை வைத்தவர் ஷெல்ஃபைப் பார்த்தார்.

"போர்டு எங்க மேடம்?"

அவள் கண் சுஹாஸ் பக்கம் போனது.

"இங்க ஒரு பொட்டி கொறையுதே?"

"வித்தாச்சு. இப்பதான்."

"எங்க இட்டுகினு போறாங்களாம்?"

"பீச்சுக்கு," என்றாள். வாசலில் கட்டியிருந்த தோரணக் கொடிகள் எல்லாம் ஒரே பக்கமாக, கிழக்கே பார்த்து விறைத்துக்கொண்டு படபடத்தன. கபாலி அவற்றைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். அவள் ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். கபாலி, சுவரில் மாட்டியிருந்த உயிர்காப்புச் சட்டைகளில் இரண்டை உருவிக்கொண்டார்.

"ப்ரியா, எங்க போறேள்? கெஸ்ட் வந்துண்டிருக்கா," என்று சுஹாஸ் வாசல் வரை வந்தான். பதற்றத்தில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னால் உட்கார்ந்த கபாலி போனில் யாரிடமோ கத்திக்கொண்டே வந்தார். ஊரூர்க் குப்பத்தில் இருக்கும் மச்சானிடம். "போட்டை எறக்குடா. கேள்வி கேக்காத. எறக்கி வையி, வந்துகினே கீறேன்." பெசன்ட் நகர் சிக்னலில் சிவப்பு. நிற்காமல் போனாள். யாரோ திட்டினார்கள்.

கடைக்குப் பக்கத்துக் கடற்கரை எலியட்ஸ்தான். அங்கே காற்று முதுகில் வந்து அடித்தது. மணல் கணுக்காலில் ஊசியாகக் குத்திக்கொண்டு கடல் பக்கமாக ஓடியது. அலை அதிகமில்லை. காற்று அமுக்கி வைத்திருந்ததால் தண்ணீர் சாதுவாகக் கிடந்தது. அதைப் பார்த்துத்தான் அவர்களுக்குத் தைரியம் வந்திருக்கும்.

அந்தச் சாதுவான தண்ணீரில், கல்லெறிந்தால் எட்டாத தூரத்தில், மஞ்சளாக ஒரு பொட்டுத் தெரிந்தது.

கரையில் முத்துலட்சுமி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு மகள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு போலீஸ்காரர் விசிலை ஊதிக்கொண்டே இருந்தார். பத்திருபது பேர் நின்று பார்த்தார்கள். மகேஷ் மார்பளவுத் தண்ணீரில் இருந்தார். இன்னும் உள்ளே போய்க்கொண்டிருந்தார்.

"அவருக்கு நீச்சல் தெரியுமா?" என்று ப்ரியா முத்துலட்சுமியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"தெரியாது. கையிலதான் புடிச்சிட்டிருந்தாரு. ஒரு செகண்டு விட்டாரு."

கபாலி ஒரு சட்டையை அவள் கையில் திணித்தார். "அந்தாளைப் புடிச்சி நிறுத்துங்க. நான் போட்டுக்குப் போறேன்." குப்பம் இருக்கும் வடக்குப் பக்கம் மணலில் ஓடினார்.

அவள் பட்டுப்புடவைக்கு மேலேயே ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினாள். முழங்கால் வரை ஒன்றும் தெரியவில்லை. இடுப்புக்கு வந்ததும் புடவை தண்ணீரைக் குடித்துக் காலைச் சுற்றிக்கொண்டு இழுத்தது. தன் உடம்பைத் தண்ணீர் தூக்குவதை வாழ்க்கையில் முதல் முறையாக உணர்ந்தாள். ஒரு அலை முகத்தில் அடித்து உப்பு மூக்கில் ஏறியது. கை நீட்டி மகேஷின் சட்டைக் காலரைப் பிடித்தாள்.

"விடுங்க. என் பொண்ணு," என்று அவர் திமிறினார்.

"போட் வருது சார். நீங்க போனா ரெண்டு பேரைத் தேடணும்."

"விடும்மா."

"விட மாட்டேன். எனக்கும் நீச்சல் தெரியாது. நீங்க இழுத்தா நானும்தான் வரணும்."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். கடைக்காரி என்று அடையாளம் தெரிந்த மாதிரி இருந்தது. அப்படியே நின்றார். இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அந்த மஞ்சள் பொட்டைப் பார்த்தார்கள். ஒவ்வொரு அலை வரும்போதும் அது மறைந்தது. மறுபடி தெரிந்தது. அவ்வப்போது சிறுமியின் குரல் வந்ததோ என்னவோ, காற்று அதையும் கடல் பக்கமே கொண்டுபோய்விட்டது.

வடக்கே இன்ஜின் உறுமியது. நின்றது. மறுபடி உறுமி மறுபடி நின்றது. மகேஷ் ஏதோ சாமி பெயரை முணுமுணுத்தார். மூன்றாவது முறை அது பிடித்துக்கொண்டது.

நீல நிற ஃபைபர் படகு வளைந்து வந்தது. முன்னால் கபாலி நின்றிருந்தார். கிட்டே போனதும் இன்ஜினை அணைத்துவிட்டார்கள். அலை எழுப்பி மிதவையைக் கவிழ்த்துவிடக் கூடாதென்று அப்படிச் செய்திருக்க வேண்டும். கபாலி தண்ணீரில் குதித்தார். வெகு நேரம் எதுவும் தெரியவில்லை. பிறகு படகின் விளிம்புக்கு மேலே சிறியதாக ஒரு உருவம் ஏறியது. கபாலியின் கை ஒன்று உயர்ந்து ஆடியது.

மகேஷ் அப்போதுதான் கரைப் பக்கம் திரும்பினார். ப்ரியா அவர் சட்டையை விடாமல் கூடவே நடந்தாள்.

சிறுமிக்கு ஒன்றும் ஆகவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்ததில் இரண்டு உள்ளங்கையும் கன்றிச் சிவந்திருந்தன. அம்மாவின் மடியில் உட்கார்ந்துதான் அழ ஆரம்பித்தாள். மிதவையை யாரும் துரத்திக்கொண்டு போகவில்லை. அது இன்னும் கிழக்கே போய்க்கொண்டிருந்தது.

முத்துலட்சுமி தலையை நிமிர்த்தி ப்ரியாவைப் பார்த்தாள்.

"நீங்கதானே காத்தடிச்சுக் குடுத்தீங்க."

"ஆமா."

"பீச்சுக்குன்னு சொல்லித்தானே வாங்கினோம்."

"ஆமா. சொன்னீங்க. நான் கேட்டேன்."

அவள் அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது ப்ரியாவுக்கு. முத்துலட்சுமி அடிக்கவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு காரை நோக்கி நடந்தாள். மகேஷ் இரண்டடி பின்னால் போனார்.

ஈரமணலில் நின்றபோதுதான் அந்த எண் அவள் மனதில் வந்து உட்கார்ந்தது. வியாழக்கிழமை முதல் விற்றது பதினொன்று. அதில் ஒன்றுதான் இது. அட்டை இருந்த நாட்களில் விற்றவைதான் மற்றவை. ஆனாலும் எத்தனை பேர் படித்திருப்பார்கள்? இன்று ஞாயிற்றுக்கிழமை.

ஸ்கூட்டர் பெட்டியிலிருந்த போனில் சுஹாஸின் அழைப்புகள் பதினான்கு. அவனை விட்டுவிட்டுத் தபஸ்ஸுமைக் கூப்பிட்டாள். "ஃப்ளோட் பில் எல்லாத்தையும் எடு. வாட்ஸ்அப் நம்பர் இருக்கும். பத்து நம்பரையும் எனக்கு அனுப்பு. நீயும் கூப்பிட ஆரம்பி."

கடைக்குத் திரும்பியபோது விருந்தாளிகள் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் சொட்டச் சொட்ட அவள் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. லேப்டாப்பில் கிர்ஸ்டன் என்ற அந்த டென்மார்க் அம்மாள் குறித்த நேரத்துக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தாள். சுஹாஸ் கேமராவை மறைத்து நின்றான். ப்ரியா அவனை நகர்த்திவிட்டு நடந்ததை ஆங்கிலத்தில் சொன்னாள். குழந்தை பிழைத்ததைச் சொன்னாள், பம்பைப் போட்டது தன் கைதான் என்பதையும் சொன்னாள்.

கிர்ஸ்டன் திரைக்குக் கிட்டே வந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்பாவுக்கு நீந்தத் தெரியாதா? எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்திலேயே கற்றுக்கொடுத்துவிடுவார்கள்."

"இங்கே இல்லை. இந்தக் கடையில் வேலை செய்யும் மூவரில் ஒருவருக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாது."

"இதை நீங்கள் எங்களுக்குச் சொல்லவில்லையே."

"நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை."

மிதவைதான் அதிகம் விற்கிறது, அதை நிறுத்துவதென்றால் யோசித்துத்தான் முடிவெடுக்க முடியும் என்றாள் கிர்ஸ்டன். ப்ரியா தபஸ்ஸுமுக்குச் சைகை காட்டினாள். தபஸ்ஸும் போனைக் காதில் இடுக்கிக்கொண்டே ஷெல்ஃபிலிருந்த மஞ்சள் பெட்டிகளைக் கீழே இறக்கினாள். "நீங்கள் யோசியுங்கள்," என்றாள் ப்ரியா. "அதுவரை இங்கே விற்க மாட்டேன். இப்போது எனக்குப் போன் பேச வேண்டியிருக்கிறது."

முதல் நான்கு பேர் உடனே எடுத்தார்கள். மயிலாப்பூர் அபயாம்பாள் மாமி, "கடலுக்கா? நன்னாருக்கு. ஆத்துல மொட்டைமாடியில போட்டுண்டு அதுமேல தூங்கறான் பேரன்," என்றாள். ராகேஷ் என்பவர் குடும்பத்தோடு காரில் கோவளத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். மிதவை டிக்கியில் இருந்தது. பணம் கொடுத்து வாங்கியதை ஏன் பயன்படுத்தக் கூடாது என்று அவர் சண்டைக்கு வந்தார். ப்ரியா காலையில் பார்த்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். மறுமுனையில் கார் இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடித்தது. பிறகு, "வண்டியை ஓரமா நிறுத்தறேன். நீங்க என் பசங்ககிட்டயே சொல்லுங்க," என்றார்.

மூன்று மணிக்குள் ஒன்பது பேர் கிடைத்துவிட்டார்கள். பத்தாவது ஆள் காஷிஃப். பெயரும் நம்பரும் மட்டும்தான் இருந்தன. மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

"அந்தப் பையனா?" என்றார் கபாலி. "சனிக்கிழமை வந்தான். நீலாங்கரையில தண்ணி எப்டி இருக்கும்னு என்கிட்ட கேட்டான். ஆகாதுன்னு சொன்னேன். சிரிச்சிகினே போனான்."

கபாலி நீலாங்கரைக் குப்பத்தில் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டார். மஞ்சளாக ஏதாவது கண்ணில் பட்டதா என்று கேட்டார். இல்லை என்றார்கள். அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று யாருக்கும் தெரியவில்லை. விருந்தாளிகள் ஒவ்வொருவராகப் போய்விட்டிருந்தார்கள். மாலைகள் கட்டுப் பிரிக்காமலே கிடந்தன. சுஹாஸ் நெடுநேரம் தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து வந்து, "அந்த நம்பரைச் சொல்லுங்க. என் போன்லேர்ந்தும் அடிக்கறேன்," என்றான்.

நாலே முக்காலுக்கு அவன் போனில்தான் எடுத்தார்கள். ஸ்பீக்கரில் போட்டான்.

"யாரு?" தூக்கக் கலக்கக் குரல்.

ப்ரியா போனைப் பிடுங்கினாள். "காஷிஃப்தானே? ஃப்ளோட் எங்க இருக்கு?"

"இன்னா ஃப்ளோட்டு?"

"மஞ்சள் கலர். எங்க கடையில வாங்கினீங்களே."

"அதுவா. கட்டிலுக்கு அடியில கீதுக்கா. பொட்டியே பிரிக்கல. நைட் ஷிப்டு முடிச்சி இப்பதான் எழுந்தேன். அடுத்த வாரம் ஃப்ரெண்ட்ஸோட போலாம்னு."

"போகாதீங்க. நாளைக்கே கடைக்குக் கொண்டுவந்து குடுத்துடுங்க. பெட்டியைத் தொட்டுப் பாத்துச் சொல்லுங்க, இருக்கா?"

கட்டில் கிரீச்சிட்டது. அட்டைப் பெட்டியை விரலால் இரண்டு தரம் தட்டும் சத்தம் கேட்டது.

"இருக்குக்கா," என்றான். "அழுவுறீங்களா இன்னா?"

கோபன்ஹேகனிலிருந்து கடிதம் வர ஒன்பது நாள் ஆனது. சென்னைக் கடையில் மிதவை விற்க வேண்டாமென்று ஒத்துக்கொண்டிருந்தார்கள். கூடவே மூன்று வருட ஒப்பந்தத்தை ஆறு மாதமாகச் சுருக்கியிருந்தார்கள். அதற்குள் கடை தன் காலில் நிற்காவிட்டால் மூடிவிடுவார்களாம். ப்ரியா கடிதத்தை இரண்டு முறை படித்தாள். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, ஷெல்ஃபில் காலியாயிருந்த இடத்தில் எதை வைக்கலாமென்று கபாலியைக் கேட்கப் போனாள்.