கடலுக்குப் போன பதினேழு படிகள்

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குத் தீவின் ஊராட்சி அலுவலக மாடிப்படிகள் பதினேழும் சுவரை விட்டுக் கழன்று, வரிசையாகக் கடலுக்குள் நடந்துபோயின. மூலை உடைந்த ஆறாவது படி கொஞ்சம் பின்தங்கியது. மற்றவை நின்று அதைக் கூட்டிக்கொண்டு போயின.

அதற்கு இருபத்தொன்பது நாள் முன்னால் ஊர்த் தையல்காரி ஊராட்சி உறுப்பினர் தேர்தலில் ஜெயித்திருந்தாள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி பாதித் தீவுக்கு அளவெடுத்தவள். ஊரின் இடுப்பளவெல்லாம் தெரிந்தவளை எதிர்த்துப் பேச யாருக்குத் துணிச்சல் வரும்? முப்பது நாளுக்குள் மாடியில் இருக்கும் பதிவேட்டில் கையெழுத்துப் போடாவிட்டால் பதவி போய்விடும். பதிவேடு கீழே வராது. அப்படி ஒரு விதி. சரிவுப்பாதை கேட்டு மனு எழுதினாள். மனுவை மாடிக்கு நேரில் வந்து தரவேண்டும் என்று எழுத்தர் ஜன்னலிலிருந்து குனிந்து சொன்னார். தலைவர் பெரிய மனது பண்ணினார்.

"நாலு பேர விட்டுத் தூக்கிட்டு வரச் சொல்றேன்மா."

"நான் ஜெயிச்சு வந்தவ சார், சிமெண்ட் மூட்டை இல்ல. இந்தத் தீவுல ஓட்டைப் படகுக்குக்கூடக் கரையில சரிவு போட்டிருக்கீங்க."

படிகள் போனபோது தலைவரும் எழுத்தரும் ஒன்பது உறுப்பினர்களும் மாடியில் இருந்தார்கள். மத்தியானச் சாப்பாடு வாளியில் கயிறு கட்டி மேலே போனது. மூன்று மணிக்குத் தலைவர் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, நாங்க எப்படி இறங்குறது?"

"மனு எழுதுங்க சார். நேர்ல வந்து குடுங்க."

அவளுக்கு முன்பே யாரோ கேட்டு நான்கு வருடமாக நிலுவையில் கிடந்த சரிவுப்பாதைத் தீர்மானம் ஏழு நிமிடத்தில் நிறைவேறியது. படகுத் தச்சர் கரையிலிருந்த சரிவுப் பலகைகளைக் கொண்டுவந்து, கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, மறுநாள் மதியம் மாடியில் சேர்த்தார். தலைவர் முதல் ஆளாக இறங்கப் பாய்ந்தார். பாதி வழியில் தையல்காரி ஏறி வந்துகொண்டிருந்தாள். பாதையில் ஒருவருக்குத்தான் இடம். அவர் பின்னோக்கியே நடந்து மறுபடியும் மாடிக்குப் போனார். முப்பதாவது நாள், இரண்டே காலுக்கு, அவள் கையெழுத்துப் போட்டாள். பேனா அவளுடையது.

இப்போது உறுப்பினர் என்ற முறையில் மாதம் ஓர் அலுவலகத்தைப் பார்வையிடுகிறாள். போகப்போகும் இடத்தின் படிகள் முந்தின நாள் சாயங்காலமே கிளம்பிவிடுகின்றன. போன வாரம் தபால்காரர் மூச்சிரைக்க உள்ளே ஓடினார்.

"சார், நம்ம படியும் போகுது!"

தபால் அதிகாரி தலை நிமிரவில்லை.

"நாளைக்கு மேடம் வர்றாங்கபோல. தச்சருக்குச் சொல்லிடு," என்றபடி அடுத்த கடிதத்தில் முத்திரை குத்தினார்.