பெரிய வெல்டரின் ஆறடி

இந்தக் காலத்து ஆட்கள் எதையும் தொட்டுப் பார்ப்பதில்லை, தள்ளி நின்றே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள் என்று பெரிய வெல்டருக்கு எரிச்சல். சொந்த மருமகளே அப்படித்தான். அவளும் அதே பட்டறையில் வெல்டர்.

தண்ணீர்த் தொட்டியின் சுவரோடு ஒட்டி நிற்கிற மாதிரி ஏணி செய்ய வேண்டும். மேலே கொக்கி விளிம்பில் கச்சிதமாக உட்கார வேண்டும். இருந்தது ஒரே ஜோடிக் குழாய். அது வீணானால் இருவரும் வீட்டுக்குப் போகலாம் என்று முதலாளி சொல்லியாயிற்று. ஏறி அளக்க ஏணி கேட்டதற்கு, "ஏணி செய்ய ஏணியா?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

"தொட்டி பைப்பைப் புடிச்சு ஏறிடறேன்" என்றார் கிழவர்.

"இந்த முட்டியை வச்சுக்கிட்டா? வெயில்ல நில்லுங்க மாமா, போதும்."

அவர் நிழலைச் சாக்பீஸால் குறித்து அளந்தாள். சுவரின் நிழலை அளந்தாள். சரியாக நாலு மடங்கு.

"அப்ப உயரமும் நாலு மடங்கு. உங்களுக்கும் செவுத்துக்கும் ஒரே சூரியன்தானே? நீங்க எவ்வளவு உயரம்?"

"ஆறடி. வேலைக்குச் சேந்த அன்னிக்கே அளந்தாங்க. அந்தப் பட்டறை வாசல்ல எத்தனை தடவை மண்டையை இடிச்சிருக்கேன்!"

"அப்ப இருபத்துநாலு."

குழாயில் கோடு விழுந்தது. பட்டறையில் இரும்பு வெட்டுகிறவர் கண்ணாடியை மாட்டினார்.

"நிழலை நம்பி இரும்பை வெட்டுதுங்க" என்று முனகிக்கொண்டே கிழவர் தண்ணீர் குடிக்க உள்ளே போனார். வாசலில் குனியவில்லை. இடிக்கவும் இல்லை.

"அண்ணே, நிறுத்துங்க!" என்று அதைப் பார்த்துக் கத்தினாள் மருமகள்.

ஓடிப்போய் அவரை இழுத்துவந்து கதவோரம் நிறுத்தி டேப்பைப் பிடித்தாள். ஐந்தரை அடி.

"அரையடி எங்க மாமா போச்சு?"

"டேப்பு பொய் சொல்லுது."

"இத்தனை வருஷம் தோள்ல இரும்பு சுமந்தாரில்ல," என்றார் வெட்டுகிறவர். "முதலாளியைக் கேளு, அவருதான் பத்திரமா வச்சிருப்பாரு."

கிழவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மூவரும் இருமும்வரை சிரித்தார்கள்.

இருபத்திரண்டில் வெட்டினார்கள். மாலையில் ஏணியைத் தூக்கி நிறுத்தினார்கள். கொக்கி 'டக்'கென்று விளிம்பில் உட்கார்ந்தது. மருமகள் மளமளவென்று உச்சிக்கு ஏறி, இரண்டு கையையும் விரித்துக் கூவினாள். கீழே விசில் பறந்தது.

கிழவர் ஏணியைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார். அசையவில்லை.

"ஏதோ குருட்டாம்போக்குல அமைஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குள் நடந்தார். வாசலின் மேல்கட்டையில், ஒரு காலத்தில் அவர் தலை இடித்து இடித்து வழவழத்த இடம் இருந்தது. அதற்குக் கீழே, ஒரு கை நுழையும் இடைவெளி விட்டு, நிமிர்ந்தபடியே போனார்.