பத்தடி என்று கிடந்த கட்டம்

கம்பி வாங்கப் போன கடையில்தான் அதைப் பார்த்தேன். "மேஸ்திரி, தளம் போட்டா அடியில குடுத்த முட்டுகளை எத்தனை நாள்ல எடுக்கலாம்னு கணக்குச் சொல்ற ஆப் உங்க போன்ல இருக்காமே, காசே கிடையாதாமே, காட்டுங்க" என்றார் கடைக்காரர். பெருமையாகத்தான் நீட்டினேன். பாதித் திரையை ஒரு விளம்பரம் மறைத்திருந்தது. அவர் அதை விரலால் தள்ளினார். அடியில் இன்னொரு கட்டம். சுவருக்குச் சுவர்: பத்து அடி.

பத்தடி போன மாதம் கட்டிய சரக்கறை. இப்போது வேலை நடக்கும் கூடம் பதினெட்டு. கூடத்துக்குக் கணக்குப் போட்டபோது தேதியை மாற்றியிருந்தேன், சிமெண்டை மாற்றியிருந்தேன். விளம்பரத்துக்கு அடியில் பழைய எண் அப்படியே கிடந்திருக்கிறது. பதினெட்டு என்று அடித்துப் பார்த்தேன். ஏழு நாள் பதினாலாகிவிட்டது.

தளம் போட்டு இன்று எட்டாம் நாள். அந்தக் கூடத்துக்குள் என் மச்சினன் முட்டுகளைத் தட்டிக் கழற்றிக்கொண்டிருந்தான்.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. எடுக்க மாட்டான். போனைச் சட்டைப்பையில் போட்டு, சட்டையை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் சுத்தியலைத் தொடுவான்.

ஓடினேன். ஒரு செருப்பு வழியிலேயே நின்றுவிட்டது. தெருமுனையில் சுத்தியல் சத்தம் கேட்டது. சத்தம் கேட்கிறவரை அவன் உயிரோடு இருக்கிறான். ஆனால் ஒவ்வொரு சத்தத்துக்கும் முட்டு ஒன்று போகிறது.

சத்தம் நின்றது.

வாசலைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். கூடத்தின் நட்டநடுவில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"மாப்ள, வெளிய வா!"

"என்ன மாமா, அக்கா துரத்திக்கிட்டு வருதா?"

"எதையும் தொடாத. அப்படியே வாடா."

என் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. வந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"ரெண்டு வாரம் விடுவோம்னு நான் சொன்னப்ப, எட்டாங்கிளாஸ் பெயிலானவன் பேச்சைக் கேக்கவான்னு போனைக் காட்டினீங்கல்ல?"

"காட்டினேன்."

"இப்ப?"

நடுவில் ஆறு முட்டு போயிருந்தது. "திரும்ப நட்டாகணும். நான் போறேன். நீ இங்கயே நில்லு."

"ஒருத்தன் பிடிக்கணும், ஒருத்தன் முறுக்கணும். உங்களுக்கென்ன நாலு கையா?" என்றவன் எனக்கு முன்னால் உள்ளே போய்விட்டான்.

மூன்றாவது முட்டுக்காலை முறுக்கும்போது என் பிடரியில் தூள் கொட்டியது. இருவரும் அசையவில்லை. மேலே பலகை இடுக்கில் சிமெண்ட் துகள். அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டேன். ஆறாவதை இறுக்கி வெளியே வந்தபின்தான் அவன் மூச்சு விட்ட சத்தம் கேட்டது.

"விரிசல் எதுவும் இல்லையே மாமா. இன்ஜினியர்கிட்ட சொல்லித்தான் ஆகணுமா?"

"நம்ம கண்ணுக்குத் தெரியல. அவர் வந்து பாக்கட்டும்."

"வேலையை விட்டுத் தூக்கிருவாரு."

"இதுக்குக் கீழ நாளைக்கு ஒரு குடும்பம் படுத்துத் தூங்கும்டா."

இன்ஜினியர் எண்ணை அழுத்தினேன். சிமெண்ட் தூள் ஒட்டிய விரல் இரண்டு முறை தவறியது. மச்சினன் போனை வாங்கி, அழுத்தி, என் காதில் வைத்தான்.

"ஐயா, மேஸ்திரி பேசறேன். ஒரு தப்புப் பண்ணிட்டேன்" என்றேன்.