ஆறாம் குழியின் பலகைகள்

விடிவதற்குள் உருண்டைக்காரியின் விரல்கள் விறைத்துவிட்டன. ஈரக் களிமண்ணைக் கோலிக்குண்டு அளவுக்கு உருட்டி, குழி வாரியாகத் தட்டில் அடுக்க வேண்டும். உலையில் வெந்து உப்பித் தண்ணீரில் மிதந்தால், அந்த மண் லேசான கான்கிரீட்டுக்கு ஜல்லியாகும். இதுவரை ஐந்து குழி மண்ணும் வெட்கமில்லாமல் மூழ்கிவிட்டது.

ஆறாவது குழியில், இரண்டாள் ஆழத்தில், அவள் புருஷன் வெட்டிக்கொண்டிருந்தான். குழியின் பக்கங்களைத் தாங்கி நின்ற முட்டுப் பலகைகளை நேற்றுப் பிடுங்கி மேடை போட்டிருந்தார்கள். பதினோரு மணிக்கு விருந்தினர் முன்னால் முதலாளி ஒரு கல்லை மிதக்கவிடப் போகிறார். கண்ணாடித் தொட்டி வந்துவிட்டது, 'பாரமற்ற எதிர்காலம்' என்ற பதாகை வந்துவிட்டது. கல்தான் வரவில்லை.

"பலகை இல்லாம எப்படி எறங்குறது?" என்று அவன் கேட்டதற்கு, "ஒரு மணி நேர வேலை. மண்ணு எங்க ஓடிடப் போவுது?" என்றிருந்தார் மேஸ்திரி.

மண் ஓடவில்லை. சரிந்தது.

இடுப்புவரை புதைந்தவனை மற்ற ஆட்கள் கையாலேயே தோண்டி எடுத்தார்கள். வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் பார்த்தது.

புத்தம்புது ஹெல்மெட்டில் முதலாளி வந்தார்.

"சாம்பிள் மேல வந்துச்சா?"

"ஆளு வந்துட்டாருங்க" என்றாள் உருண்டைக்காரி.

"ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. நான் என்ன ஈவிரக்கம் இல்லாதவனா? அடுத்த ஆளு எறங்கட்டும்."

"வண்டி நெறைய உங்க பூத்தொட்டி இருக்கு, மொதலாளி."

"வாயக் கொறம்மா. எறங்காதவன் நாளைக்கு வர வேண்டாம்."

எதற்கும் தலையாட்டியே பழகிய உலைக்காரர் தொண்டையைக் கனைத்தார். "பலகை வரட்டும், எறங்குறோம்."

"அது மேல நாற்காலி போட்டாச்சேய்யா!"

"அப்ப மொதல்ல நாற்காலி எறங்கட்டும்."

பூத்தொட்டிகளை இறக்கிவிட்டு அவனை ஏற்றினார்கள். அவளும் ஏறப்போனாள். அவன் கையை விலக்கினான். "நீ இரு. இன்னொருத்தன எறக்கிடப் போறாங்க."

அவள் கடப்பாரையோடு மேடைக்குப் போனாள். முதலாளி மேலே ஏறி நின்றுகொண்டு மைக்கில் ஒழுக்கம் பற்றிப் பேசினார். இரண்டு பலகை கழன்றதும் பேச்சை முடித்துக்கொண்டு இறங்கினார்.

ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அதற்குள் முதலாளி குழிப்பக்கக் கேட்டைப் பூட்டிவிட்டிருந்தார். சாவி அவரிடம். வெயில் ஏறியது, பலகை தோளை அறுத்தது. யாரும் கீழே வைக்கவில்லை.

"தோள் மாத்திக்கலாமா, தங்கச்சி?"

திரும்பினாள். அவள் பலகையின் மறுமுனையில் மேஸ்திரி, தலை குனிந்து நின்றார்.

அவள் பூட்டைப் பார்த்தாள்.

"மாத்திக்கலாம்ணே" என்றாள். "கேட் தொறக்க நேரமாகும்."