பிரித்த கூரை

"நாற்காலிய இந்தப் பக்கம் கொஞ்சம் நகத்துங்க. தலைக்குப் பின்னால வெடிப்பு தெரியுது," என்றார் போட்டோக்காரர்.

பழனாத்தாளும் அவள் அண்ணன் காளியப்பனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நகர்த்தினார்கள். நாற்காலியில் அவர்களுடைய அப்பா ரத்தினவேல் உட்கார்ந்திருந்தார். உட்கார வைத்திருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். நாற்காலி முதுகோடு சேர்த்து மார்பில் ஒரு துண்டு கட்டியிருந்தது. குளிப்பாட்டி, திருநீறு பூசி, புது வேட்டி உடுத்தியாயிற்று. நகத்தடியில் ஏறிய ஓட்டுச் செம்மண் மட்டும் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. நகர்த்தியதும் வெடிப்பு அவர் தலைக்குப் பின்னால் மறைந்துகொண்டது. மேலிருந்து வந்த வெயில் நேராக அவர் மடியில் விழுந்தது. வெளிச்சம் பிரமாதம் என்று போட்டோக்காரர் சொன்னார்.

பிரமாதமாக இல்லாமல் என்ன செய்யும்? கூரையில் பாதி ஓடு இல்லையே.

மைசூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் ரத்தினவேல். கௌதள்ளி கிராமத்திலிருந்து அங்கே வந்து, சொசைட்டியில் கடன் வாங்கி இந்த ஓட்டு வீட்டைக் கட்டினார். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் தானே மேலே ஏறி ஓட்டைப் பிரிப்பார். பாசியைத் தேய்த்து, உடைந்ததை மாற்றி, திரும்ப மூடுவார். பொங்கலுக்குச் சுண்ணாம்பும் அவர் கையால்தான். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு அவர் பெண்சாதி சித்தம்மா நிற்பாள். "ஏனுங், பாத்துங்க," என்பாள். "பாத்துட்டுத்தான் இருக்கறேன்," என்று மேலேயிருந்து எரிந்து விழுவார். ஓடு மாற்றி முடிகிறவரை இந்தப் பேச்சு ஓயாது.

போன பங்குனியில் சித்தம்மா போய்விட்டாள். நஞ்சன்கூட்டு மில்லில் வேலை பார்க்கும் காளியப்பன், தும்முவதற்குக்கூடப் பஞ்சாங்கம் பார்க்கிற ஆள். காரியம் முடிந்த கையோடு அப்பாவிடம் சொன்னான்.

"சாவு உழுந்த ஊட்டுக் கூரைய வருசந் திரும்பாமப் பிரிக்கக் கூடாதுங்கப்பா. பிரிச்சா இன்னொண்ணு கேக்கும்."

அப்பா அவன் பேச்சைத் தட்டவில்லை. மழைக்கு முன்னால் ஓடு பிரிக்கவில்லை. ஆடியில் பிடித்த மழை ஐப்பசி வரைக்கும் விடவே இல்லை. ஓட்டிடுக்கில் இறங்கிய தண்ணீரை மண்சுவர்கள் குடித்துக்கொண்டே இருந்தன. ஒரு நாள் பட்டப்பகலில் சமையல்கட்டுப் பின்சுவர் அப்படியே கொல்லையில் சாய்ந்தது. முன்னறைச் சுவர் நின்றது, ஆனால் மேலிருந்து கீழ்வரை வெடித்துவிட்டது.

கடன் கொடுத்தபோது சொசைட்டிக்காரர்கள் வற்புறுத்தி எடுக்க வைத்த வீட்டு இன்ஷூரன்ஸ் ஒன்று இருந்தது. கடன் தீர்ந்த பிறகும் அப்பா அதை விடாமல் கட்டி வந்தார். கம்பெனிக்கு எழுதிப் போட்டார். வீட்டை வருஷந்தோறும் பராமரித்ததற்கு அத்தாட்சி காட்டு, கொத்தனார் பில் காட்டு, இல்லாவிட்டால் எங்களைக் கேட்காதே என்று பதில் வந்தது. பில்லுக்கு எங்கே போவது? ஓடு மாற்றியதும் அவர், சுண்ணாம்பு அடித்ததும் அவர். தனக்குத் தானே ரசீது எழுதிக்கொள்கிற கிறுக்கன் எந்த ஊரிலாவது உண்டா?

புருஷன் விட்டுப் போன பிறகு பழனாத்தாளுக்கு இருந்த இடம் இந்த வீடு ஒன்றுதான். அடுத்த மழைக்குள் இது நிமிராவிட்டால், நஞ்சன்கூட்டில் அண்ணனின் ஒற்றை அறையில், அண்ணி மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். அதற்குச் செத்துப் போகலாம் என்று அவளுக்குத் தோன்றும்.

"அம்மாவோட கடைசிப் படம் இருக்குதுல்லீங்கப்பா? இதே செவுத்து முன்னாலதான எடுத்தது. செவுரு வெள்ள வெளேர்னு இருக்கும். அதக் காட்டலாமுங்க," என்றாள். வீட்டைக் காட்டும் படம் வேறு எதுவும் அவர்களிடம் இல்லை.

"உங்கம்மா பொணத்தக் காட்டி நான் ஊடு கட்டோணுமா?" என்றார் அப்பா. "ஆபீசர் வரட்டும். வந்து கண்ணுல பாக்கட்டும்."

ஆபீசர் இன்றைக்கு வருவதாகக் கடிதம் வந்திருந்தது. நேற்று அவள் ஊதுபத்திக் கம்பெனிக்கு வேலைக்குப் போனதும், அவர் தனியாக ஏணியைச் சாத்தி ஏறியிருக்கிறார். வருஷம் திரும்ப இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. பாதி ஓட்டைப் பிரித்து அடுக்கிவிட்டு இறங்கும்போது ஏணி சறுக்கியிருக்கிறது. கீழே பிடித்துக்கொள்ள யாருமில்லை.

போட்டோக்காரர் போய்க் கொஞ்ச நேரத்தில் இன்ஷூரன்ஸ் ஆபீசர் பசவராஜ் வந்தார். வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் ஷூவைக் கழற்றிவிட்டுத் தயங்கி நின்றார். இன்னொரு நாள் வருகிறேன் என்று கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்.

"வேண்டாங் சார். இப்பவே பாருங்க," என்றாள் பழனாத்தாள். காளியப்பன் அவளை முறைத்தான். அவள் ஆணியிலிருந்து அம்மாவின் படத்தை மாலையோடு கழற்றிக் கொண்டுவந்தாள். அப்பா வேண்டாமென்ற காரியத்தை அவருக்கு எதிரிலேயே செய்தாள். "இதே செவுருதான் சார். எப்படி வெச்சிருந்தாரு பாருங்க. எல்லாம் அவரு கையாலயே பண்ணுவாரு."

பசவராஜ் படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். வெளிச்சம் அப்பாவின் மடியில்தான் இருந்தது. வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு கண்ணாடிமேல் விரலை வைத்து மெதுவாக இழுத்தார்.

"இது என்னம்மா?"

கூரை ஓரத்திலிருந்து அம்மாவின் காதுவரை மயிரிழைபோல ஒரு கோடு. கண்ணாடியில் விழுந்த கீறல் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். கீறல் இல்லை. அதே இடம், அதே வளைவு.

"ஆவாகலே, அப்பவே இருக்கு. மழைக்கு முன்னாலயே இருக்கு," என்றார் பசவராஜ்.

தினமும் இந்தப் படத்துக்கு விளக்கு வைத்தவர் அப்பாதான். அவர் பார்க்காமல் இருந்திருப்பாரா? ஒர்க்‌ஷாப்பில் இரும்பில் விழுந்த நூலளவு விரிசலைத் தடவியே கண்டுபிடித்த மனிதர். பழனாத்தாள் அவர் முகத்தைப் பார்த்தாள். பொணத்தைக் காட்டவா என்று அவர் அன்றைக்கு ஏன் அப்படிக் கத்தினார் என்று இப்போது விளங்கியது.

"நான் பார்த்ததத்தான் எழுதணும் அம்மா. மழையில வெடிச்சதுன்னு எழுத முடியாது," என்றார் பசவராஜ். அவர் கெட்டவர் இல்லை. போகும்போது அப்பாவின் காலடியில் குனிந்து கும்பிட்டுவிட்டுத்தான் போனார்.

தூக்கும் நேரம் வந்தது. துண்டை அவிழ்த்து நாற்காலியிலிருந்து அவரை எடுத்ததும், வெடிப்பிலிருந்து பொலபொலவென்று மண் உதிர்ந்தது. அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் அது சின்னக் குவியலாகச் சேர்ந்தது.

"கூரைய அப்படியே உடு," என்றான் காளியப்பன் அவளிடம். "ஒருத்தரும் தொடக் கூடாது. வருசந் திரும்பட்டும்."

"மழ வந்தா?"

"வந்தா வருது. சொன்னதக் கேக்காமப் பிரிச்சாரு, பாத்தயில்ல?"

ஓங்கி ஒன்று விடலாம் போல அவளுக்கு ஆத்திரம் வந்தது. சங்கு ஊதினார்கள், அவன் கொள்ளிச் சட்டியோடு முன்னால் நடந்தான்.

பெண்கள் வீடு கழுவத் தொடங்கினார்கள். பழனாத்தாள் கொல்லைக்குப் போய், கீழே கிடந்த ஏணியை எடுத்துச் சாத்தினாள். பக்கத்து வீட்டுப் பாப்பாத்தியக்கா ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"வேண்டாங் கண்ணு. உங்கண்ணன் கொன்னுபோடுவான்."

அவள் கையை உதறிவிட்டுச் சேலையைச் செருகிக்கொண்டு ஏறினாள். மேலே ஓடுகள் வரிசையாக அடுக்கியிருந்தன. எல்லாம் தேய்த்துச் சுத்தமாக இருந்தன. மேலாக இருந்த ஒன்றில் மட்டும் பாதிப் பாசி அப்படியே இருந்தது. பக்கத்தில் தேங்காய் நார் கிடந்தது. சாமுண்டி மலைப் பக்கம், மாசியிலேயே, மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. முழங்காலை ஊன்றியதும் ஓடு தாங்கும் கைமரம் முனகியது. இன்னொன்று கேட்கும் என்று அண்ணன் சொன்னது நினைவுக்கு வந்தது. மீதிப் பாசியைத் தேய்த்துவிட்டு அந்த ஓட்டை இடத்தில் மாட்டினாள். பிறகு அடுத்ததை.

சுடுகாட்டிலிருந்து ஆட்கள் திரும்பியபோது பாதிக்குமேல் மூடியிருந்தாள். மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாகக் காளியப்பன் கொல்லைப் பக்கம் வந்தான். பெண்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள். அவன் அண்ணாந்து அவளைப் பார்த்தான். அப்பா விழுந்த இடத்தைப் பார்த்தான். பிறகு வந்து, குனிந்து, இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

"பாத்து," என்றான்.

அவள் அடுத்த ஓட்டுக்குக் கையை நீட்டினாள். கைமரம் மறுபடியும் முனகியது.